வளர்மதியைக் கொல்ல மாட்டேன்

திண்டுக்கல்,
12.2.1997

அன்புத் தங்கை ஜோஸ்பினுக்கு அண்ணன் கிறிஸ்துராஜ் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இரண்டு பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். உன் மதினி பாத்திமாவுக்குக் கண்ணில் புரை எடுத்து இருபது நாள் ஆகிறது. இப்போது சுவரில் பல்லி ஓடினால் முதலில் அவள்தான் பார்க்கிறாள். மாப்பிள்ளை பவுல்ராஜின் முழங்கால் எப்படி இருக்கிறது? ரோஷன் படிக்கிறானா, படிப்பதாகச் சொல்கிறானா?

எனக்கு இந்த வயதில் ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. சிரிக்காதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினிக்காகக் காத்திருந்தபோது பெஞ்சில் யாரோ விட்டுப்போன மாத நாவல் ஒன்று கிடந்தது. ஆதிகேசன் என்பவர் எழுதும் துப்பறியும் வரிசை. கதாநாயகன் சாரங்கன், அவனுடைய ஆபீஸில் டைப் அடிக்கும் பெண் வளர்மதி. மாதம் ஒன்றாக ஒன்பது வருஷம் வந்து, இது நூற்றுப் பத்தாவதாம். முப்பத்து நான்கு வருஷம் சரித்திரம் நடத்திய எனக்கு இப்படி ஒரு சரித்திரம் நடப்பதே தெரியாமல் போய்விட்டது. பழைய புத்தகக் கடையில் அலைந்து இதுவரை இருபத்தாறு சேர்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பைக்குள்ளிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. உபதேசியார் கஸ்பார், "என்ன சார், நீங்களுமா?" என்றார். "ஆமா, நானுந்தான். உமக்கு வேணுமா?" என்றேன். மறுநாள் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனார்.

சிவப்பு மையோடுதான் படிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு வைத்திருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எல்லோருக்கும் எங்கள் ஆசீர்.
கிறிஸ்துராஜ்

*

சென்னை,
27.2.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்குக் கண் தெளிந்தது கேட்டு நிம்மதி. இவருக்கு முழங்கால் அப்படியேதான். மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறதாம். ரோஷன் படிப்பதாகச் சொல்கிறான்.

நீங்கள் அந்த மாதிரிப் புத்தகத்தைக் கையால் தொடுவீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நம் வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்கு நினைவிருக்கிறது.

எத்தனை மார்க் போட்டிருக்கிறீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

மதினியை வெயிலில் கண்ணாடி இல்லாமல் போகவிடாதீர்கள்.
உங்கள் தங்கை,
ஜோஸ்பின்

*

திண்டுக்கல்,
20.4.1997

அன்புத் தங்கைக்கு,

பாஸ்கா நல்லபடியாக நடந்தது. உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, வெயில்தான் குறைய மாட்டேன் என்கிறது.

மார்க் கேட்டிருந்தாய். சராசரி அறுபத்து நாலு. இதை மட்டமாக நினைக்காதே. நான் கையை இறுக்கிப் போடுகிற ஆள் என்பது உனக்குத் தெரியும்.

இந்த மனுஷர் கதையைத் தொடங்குகிற விதம் அபாரம். 'பூட்டிய லாரி' என்று ஒன்று. பைபாஸில் ஒரு லாரி நிற்கிறது, வெளியே பூட்டியிருக்கிறது, உள்ளே வைப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. மழை இல்லை. அவ்வளவுதான் முதல் பக்கம். பரீட்சை ஹாலில் முதல் கேள்வியைப் படித்ததும் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்தேன். ஊர்களையும் பொய் இல்லாமல் எழுதுகிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அழுகின தக்காளி எந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கும் என்பதுகூடச் சரியாக இருக்கிறது.

குறை இல்லாமலா? சாரங்கனுக்கு ஒன்பது வருஷத்தில் ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்குத் தெரிந்த எந்த மனுஷனும் அப்படி இல்லை. மூன்று நாவலுக்கு ஒரு தடவை இரட்டைப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், வில்லன்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நாலு பக்கம் தன் குற்றத்தைத் தானே ஒப்புவிக்கிறான். என் வகுப்பில் சாக்பீஸ் திருடின பையன்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான்.

வளர்மதி விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. முதல் நாற்பது நாவலில் டீ கொண்டுவருகிறாள். பிறகு மெல்ல மெல்ல, சாரங்கனுக்கே தெரியாமல், வழக்கை எல்லாம் அவள்தான் முடிக்கிறாள். பெயர் அவனுக்குப் போகிறது. எழுதுகிறவருக்கு இது தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா?

மாப்பிள்ளைக்கு விளக்கெண்ணெய் ஒத்தடம் கொடுத்துப் பார்.
கிறிஸ்துராஜ்

*

சென்னை,
6.6.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம். வேலை அதிகம். உடம்பு தேவலை.

நீங்கள் வில்லனைக் குறை சொன்னது நியாயம் இல்லை. அந்தப் புத்தகங்கள் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று ஆறு ஃபாரம் அச்சாகின்றன. தொண்ணூற்றாறு பக்கம். கதை தொண்ணூற்றிரண்டில் முடிந்துவிட்டால் மீதி நாலு பக்கத்தை வெள்ளையாக விடமுடியுமா? வில்லன் பேசித்தான் ஆகவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அச்சகத்து ஆள் வாசலில் வந்து நிற்பான். நின்றுகொண்டே எழுதிக் கொடுக்கவேண்டும். நூற்றுப் பத்து மாதம், ஒரு மாதம்கூடத் தவறாமல், காய்ச்சலிலும், வீட்டில் சாவு விழுந்தபோதும் எழுதுகிற ஆளுக்கு இரட்டைப் பிள்ளைகளுக்காக மார்க்கைக் குறைப்பது எளிது.

எங்கள் தெருவில் அச்சகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னது இதெல்லாம்.

வளர்மதி விஷயம் தெரிந்துதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
ஜோஸ்பின்

*

திண்டுக்கல்,
22.6.1997

அன்புத் தங்கைக்கு,

உன் கோபமான கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதுகிறாய் என்றால் தெம்பாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே மதினிக்கு இலேசான சளி, வேறொன்றும் இல்லை.

இந்த மாத நாவல், 'துண்டுக்குள் ஒரு துரோகம்', அய்யலூர் ஆட்டுச் சந்தையில் நடக்கிறது. நம் அப்பா தரகு பார்த்த அதே சந்தை. கைகள் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதை அப்படியே எழுதியிருக்கிறார். அதை எழுத யாராலும் முடியும். ஒரு வியாழக்கிழமை போய் நின்று பார்த்தால் போதும்.

ஆனால் ஜோஸ்பின், அதில் ஒரு தரகர் வருகிறார். கிணற்று உருளையில் சிக்கி ஆள்காட்டி விரலின் மேல்பாதி போனவர். 'அரை' என்று சொல்ல மற்றவர்கள் பாதி விரலைப் பிடிப்பார்கள். இவருக்குத்தான் பாதி விரல் இல்லையே. அதனால் எதிராளியின் நடுவிரல் முட்டியை இரண்டு தடவை அழுத்துகிறார். அதை வைத்து வளர்மதி கொலைகாரனைப் பிடிக்கிறாள்.

அந்த அழுத்தம் வெளியில் நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. துண்டுக்குள் கைவிட்டவனுக்குத்தான் தெரியும். அப்பாவோடு வியாபாரம் பேசிய ஆட்கள் எல்லோரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள். மழை நாளில் வீட்டில் உட்கார்ந்து அவர் விளையாட்டுக்காகத் துண்டுக்குள் பிடித்தது இரண்டு பிள்ளைகளின் கையைத்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுபத்தெட்டு மார்க் போட்டிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி கண் விழிக்காதே.
அண்ணன்

*

சென்னை,
30.9.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. எல்லோரும் சுகம். ரோஷன் ஒரு பேப்பரில் ஃபெயிலாகிவிட்டான். வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் போட்டு, படுக்கை விரிப்பு பாழானதுதான் மிச்சம். இங்கே தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மதினியின் சளி இதற்குள் சரியாகியிருக்கும்.

அப்பாவின் விரல் எனக்கும் நினைவிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வரும் மாதங்களில் அந்த வரிசை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். படிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஜோஸ்பின்

*

திண்டுக்கல்,
18.1.1998

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்து. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை.

நீ படிக்காதே என்றாய். வாத்தியாரிடம் அப்படிச் சொன்னால் கேட்பானா? நூற்றிருபத்தொன்று, 'வளர்மதிக்கு ஒரு மலர்வளையம்'. அவளைக் கொன்றுவிட்டார்கள். ஆத்தூர் அணையில் தள்ளிவிடுகிறார்கள். பத்து வருஷம் பாடுபட்டவளுக்கு ஏழு வரி. சாரங்கன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறான். பதினெட்டு மார்க் போட்டேன். அதுவும் அட்டைக்கு.

இது வேறு கை. பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதின விடைத்தாள் எனக்குத் தெரியாதா? வாக்கியம் ஒவ்வொன்றும் ஆச்சரியக்குறியில் முடிகிறது. அந்தப் பழைய ஆள் கத்தி பாயும்போதுகூட ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போவார். பதிப்பாளருக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதிப் போட்டேன். மதினி, "போடுறதுதான் போடுறீக, ரிஜிஸ்தர்ல போடுங்க" என்றாள்.

ஜோஸ்பின், உன்னை நான் கேட்கப் போவதில்லை. என்னைப் பற்றிச் சொல்கிறேன். அறுபத்தைந்தில், நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, உன் பைக்குள் ஒரு நோட்டைப் பார்த்தேன். கணக்கு நோட்டு என்று அட்டையில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு கொலைக் கதை. 'குடும்பத்துப் பெண் எழுதுகிற விஷயமா இது' என்று வெந்நீர் அடுப்பில் போட்டேன். நீ அழவில்லை. தண்ணீர் விளாவிக் குளிக்கப் போய்விட்டாய். நான் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கவும் இல்லை. என் வேலையில் நான் செய்த தப்புகளில் இதுதான் பெரியது. படிக்காமலே ஒரு தாளுக்கு சைபர் போட்டேன்.

மாப்பிள்ளைக்கும் ரோஷனுக்கும் அன்பு.
அண்ணன்

*

சென்னை,
2.2.1998

அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

ஆமாம், நான்தான். எண்பத்தேழில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முதலாளி தொடங்கிய மாத வரிசையின் முதல் நாவலை எழுத ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் கைவிட்டார். நாலு நாளில் நான் எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பொம்பளப் பேர்ல கொலை விக்காதும்மா" என்றார். ஆதிகேசன் என்ற பெயரை அவரே வைத்தார். கையெழுத்துப் போட்டேன். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். ஏன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இப்போது டி.வி.காரர்கள் சாரங்கனைக் கேட்கிறார்களாம். பக்கத்தில் ஒரு டைப்பிஸ்ட் வழக்கைக் கண்டுபிடித்தால் ஹீரோவுக்கு என்ன வேலை என்கிறார்கள். "அவளை முடிச்சிருங்கம்மா" என்றார் முதலாளி. "கொல்ல மாட்டேன்" என்றேன். "நீங்க இல்லாட்டி எழுத ஆள் இருக்கு. பேரு எங்களோடது" என்றார். "எழுதிக்கங்க" என்று மேஜையில் பேனாவை வைத்துவிட்டு வந்தேன். பத்து வருஷத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு பெயரும் இல்லை. ஆனால் அவளை நான் கொல்லவில்லை.

நோட்டைப் பற்றி நீங்களாக எழுதியது நல்லது. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதுவதில்லை. எழுபத்திரண்டு பக்கம் அண்ணா அது. கொலை செய்தது யார் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. கடைசிப் பக்கம் வரும்போது முடிவு செய்யலாம் என்றிருந்தேன்.

மதினி ஏதும் நினைக்கவேண்டாம்.
ஜோஸ்பின்

*

திண்டுக்கல்,
9.2.1998

தங்கைக்கு,

சுகம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். மன்னிக்க வேண்டாம். அது உன்னிடமே இருக்கட்டும். நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் எடுத்து உடனே அனுப்பு. ஒரு வரி விடாமல் வேண்டும்.

கிறிஸ்துராஜ்

*

திண்டுக்கல்,
1.3.1998

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சௌக்கியம். மதினிக்கு இரண்டாவது கண்ணுக்கும் நாள் குறித்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாம் தடவை சிவப்பு மையால், மூன்றாம் தடவை ஸ்கேல் வைத்து. ஆதிகேசன் என்ற பெயர் அவர்களுடையது. சாரங்கன் என்ற பாத்திரமும் வரிசையின் பெயரும் அவர்களுடையவை. வந்த நாவல்கள் அத்தனையும் அவர்களுடையவை. சரி. வளர்மதி எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. டீ கொண்டுவருகிற பெண்ணைப் பத்திரத்தில் சேர்க்க எவனுக்கும் தோன்றவில்லை.

நம் பங்கில் இருக்கும் வக்கீல் ராயப்பராஜிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சார், கேஸ் போடாம இருக்க மாட்டாங்க. ஆனா அந்தப் புள்ளைய இவங்க எழுதிக் குடுக்கவே இல்லையே. சண்டை போட எடம் இருக்கு" என்றார். நிச்சயம் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

அடுத்த சந்தேகம், அவள் செத்துவிட்டாளே என்பது. போன வாரம் பஸ் ஏறி ஆத்தூர் போனேன். நாவலில் சொன்ன இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பெயர் மலைச்சாமி.

"இங்கன விழுந்தா ஆளு செத்துருவாகளாய்யா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஓரத்துலயா? இடுப்பளவுத் தண்ணிதான். ஏன் சார், வீட்ல எதும் மனத்தாங்கலா?"

"எனக்கில்லய்யா. ஒரு பொண்ணத் தள்ளிவிட்டுட்டாங்க."

"அய்யய்யோ, எப்ப?"

"கதையில."

"செத்த நேரம் நெழல்ல உக்காருங்க சார்" என்று சொல்லி, தூக்குச்சட்டியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

ஆக, இடுப்பளவுத் தண்ணீர். அவள் நடந்தே கரையேறலாம். நீ ஏறுவாயா, மாட்டாயா என்பதுதான் கேள்வி.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.
அண்ணன்

*

சென்னை,
10.5.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்கு இரண்டாவது கண்ணும் தெளிந்ததை மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டாடினேன். இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் விரலில் மைக்கறை போகவில்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன் அல்லவா, புதிதாக ஒன்று வாங்கினேன்.

வளர்மதி முதல் வரியில் அணைக்கரையில் ஏறிப் புடவைத் தலைப்பைப் பிழிகிறாள். சாரங்கன் பெயர் எங்கேயும் இல்லை. 'என் பழைய முதலாளி' என்று ஒரே இடத்தில் வருகிறது. அவளுக்குத் தும்மல் வருகிறது. இரட்டைப் பிள்ளைகள் கிடையாது. எண்பது பக்கத்தில் கதை முடிந்தது, ஐந்து ஃபாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

எப்படியோ தெரிந்துபோய் முதலாளி போன் செய்தார்.

"என்னம்மா, கேள்விப்பட்டேன். பொம்பளப் பேரப் போட்டா பஸ் ஸ்டாண்டுல கயித்துலயே தொங்கும்."

"தொங்கட்டும் சார்."

"கேஸ் போட வேண்டி வரும்."

"போடுங்க. ஆதிகேசன் யாருன்னு கோர்ட்டுல கேப்பாங்க. அவர வரச் சொல்லுங்க, நானும் பாக்கணும்."

போனை வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து வேறு குரலில் பேசினார். வாசகர் கடிதம் மூட்டையாக வருகிறதாம், திண்டுக்கல்லிலிருந்து யாரோ ஒரு வாத்தியார் ரிஜிஸ்தர் தபாலில் திட்டுகிறாராம். திரும்பி வந்தால் வளர்மதியைப் பிழைக்க வைக்கலாமாம், ஆதிகேசன் பெயரிலேயே. "அவ ஏற்கெனவே பொழச்சுட்டா சார்" என்றேன்.

அட்டையில் ஜோஸ்பின் என்று மட்டும் போடப்போகிறேன். இவர், "பின்னால பவுல்ராஜ்னு போடலியா?" என்றார். "உங்க பேர்ல நீங்க எழுதுங்க" என்றேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியில் பிழை பார்த்துக் கொடுத்தார்.

இங்கே அச்சகங்கள் முதலாளிக்குப் பயப்படுகின்றன. கையெழுத்துப் பிரதியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கேயே அச்சடிக்க ஏற்பாடு செய்யமுடியுமா? படித்துவிட்டுக் கொடுங்கள். இந்த முறை முழுசாகப் படியுங்கள்.

உங்கள் தங்கை,
ஜோஸ்பின்

*

திண்டுக்கல்,
16.8.1998

அன்புத் தங்கைக்கு,

பரலோக மாதா திருநாள் நேற்று நல்லபடியாக முடிந்தது. மதினி இரண்டு கண்ணாலும் சப்பரம் பார்த்தாள். உங்கள் மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொண்டோம். வக்கீல் நோட்டீஸ் வந்ததாக நீ எழுதியதை ராயப்பராஜிடம் கொடுத்துவிட்டேன். பதில் அவர் எழுதுகிறார். நீ அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நான் முழுசாகப் படித்து இங்கே அச்சுக்குக் கொடுத்த உன் புத்தகம் இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. பொன்னழகு கடையில் கயிற்றில் ஐந்து தொங்கவிட்டான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "சார், நீங்க மொறைச்சுப் பாத்தா எவன் வாங்குவான்?" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேனே தவிர, எழுந்திருக்கவில்லை.

முதலில் ஒருவர் எடுத்துப் புரட்டினார். "ஜோஸ்பினா? டீச்சரம்மா பேரு மாதிரி இருக்கு. இவங்க என்னத்தக் கொலை பண்ணப் போறாங்க" என்று வைத்துவிட்டார். "படிச்சுப் பாரும், அப்பறம் பேசும்" என்றேன். அவர் பழனி பஸ்ஸில் ஏறிவிட்டார். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. முதலாளி சொன்னபடியே தொங்கிக்கொண்டிருந்தது. உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிறகு ஒரு பெண் வந்தாள். பூ மார்க்கெட்டில் மல்லிகை போட்டுவிட்டுக் காலிக்கூடையோடு ஊருக்குத் திரும்புகிறவள். பேச்சாயி என்று பொன்னழகு கூப்பிட்டான். மாதாமாதம் வாங்குகிற ஆளாம். அட்டையைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படித்தாள்.

"ஏண்ணே, இதுல வளர்மதி வாராளா?"

"வாரா."

"அவளத்தான் கொன்னுபுட்டாகளே. அன்னைக்கு ஆத்திரத்துல புத்தகத்தப் பஸ் சன்னல் வழியா வீசிட்டேன்."

"சாகல. இடுப்பளவுத் தண்ணிதான்" என்றேன் நான்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புத்தகத்தை வாங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்து அட்டையைத் திருப்பினாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"அய்யா, இதுல யாரோ ஜோஸ்பின்னு போட்டிருக்கு. எழுதுற ஆளு மாறிப்போச்சா?"

நான் எழுந்து பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்: "மாறலம்மா. ஆரம்பத்துலேருந்து இவதான் எழுதுறா. என் தங்கச்சி."

"பொறகு பேரப் போட ஏன் இம்புட்டு நாளாச்சு?"

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. அவள் பதிலுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஜோஸ்பின். ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால் கத்திச் சொல்ல முடியவில்லை.

அவள் வியாழக்கிழமையும் பூ கொண்டுவருவாளாம். ஏழரை மணி பஸ். அன்றைக்கு நான் அங்கே இருப்பேன்.

உன் அண்ணன்,
கிறிஸ்துராஜ்